மார்பகப் புற்றுநோய்: பயாப்சி அறிக்கை நோயின் போக்கைப் பற்றி என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைக்கு வரும் நோயியல் அறிக்கை பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் இருப்பதில்லை. அதை வாங்கிக்கொண்டு வரும் குடும்பம் அதில் தேடுவது ஒரே ஒரு விடையைத்தான்: இனி என்ன ஆகும்? அந்த விடை ஒரே வரியில் எழுதப்பட்டிருப்பதில்லை. கட்டியின் அளவு, கிரேடு, நோய் பரவிய அக்குள் நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கை, ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 என்று பல வரிகளில் பிரிந்து கிடக்கிறது. மார்பகத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில், நோயாளிகளும் அவர்களுடன் வருபவர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கட்டியிலிருந்து எடுத்த ஒரு துண்டைப் பார்த்து, நோய் இனி எப்படிப் போகும் என்று ஆய்வகம் எப்படிச் சொல்ல முடியும்?

இதே போன்ற கட்டி இருந்த மற்றவர்களுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்ற பதிவிலிருந்துதான் சொல்கிறது. அடிப்படை இது ஒன்றே. 1925-இல் பாஸ்டனில் ராபர்ட் கிரீனோ என்ற அறுவை மருத்துவர், செல்களின் தோற்றத்தை வைத்து மார்பகக் கட்டிகளை மூன்று வகையாகப் பிரித்து, எந்த வகையினர் நோயின்றி இருந்தார்கள் என்று பார்த்தார். 1957-இல் இங்கிலாந்தில் புளூம், ரிச்சர்ட்சன் என்ற இருவர் 1,409 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. அந்த நோயாளிகளில் 359 பேர் 15 ஆண்டுகள் பின்தொடரப்பட்டிருந்தார்கள். செல்லின் தோற்றத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு, அப்படி ஆண்டுக்கணக்கில் கடிதம் போட்டும் நேரில் அழைத்தும் விசாரித்தவர்களின் பொறுமையால் தெரியவந்தது.

ஆகவே, ஆய்வகம் சொல்வது எப்போதும் ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. அந்தக் கூட்டத்துக்குள் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை எந்தச் சோதனையாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற விடைகளைப் படியுங்கள்.

எடுத்த திசுவுக்கு ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? முடிவு வர ஏன் இத்தனை நாள்?

திசு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். பிறகு அதை வெட்டிப் பார்த்து, அளந்து, தேவையான இடங்களிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, அவற்றிலிருந்து நீரை அகற்றி, உருகிய பாரஃபின் மெழுகில் பதித்து உறைய வைக்கிறோம். இதுதான் பிளாக். பிளாக்கிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஹிமடாக்ஸிலின், இயோசின் என்னும் இரண்டு சாயங்களை ஏற்றுகிறோம். செல்லின் கரு நீலமாகவும் மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். கட்டியின் வகை, கிரேடு, இரத்தக் குழாய்களுக்குள்ளும் நிணநீர்க் குழாய்களுக்குள்ளும் செல்கள் புகுந்திருக்கின்றனவா என்பதெல்லாம் இந்த எளிய, மலிவான சாயத்திலேயே தெரிந்துவிடும். ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்), ஹெர்-2 போன்றவற்றுக்கு மட்டும், குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்து நிறம் காட்டும் ஐ.எச்.சி. என்ற தனி முறை தேவைப்படுகிறது.

ஃபார்மலினைப் பற்றி ஏன் எல்லாரும் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

உடலிலிருந்து பிரிந்த கணத்திலிருந்து திசு அழியத் தொடங்குகிறது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அந்த அழிவை நிறுத்துகிறது. ஆனால் அது திசுவுக்குள் மிக மெதுவாகத்தான் இறங்கும். மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முழு மார்பகத்தையும் வெட்டாமல் அப்படியே போட்டு வைத்தால், மேற்புறம் பதப்பட்டிருக்கும்போது நடுவிலுள்ள கட்டி கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் நோயியல் வல்லுநர் கல்லூரியும் சேர்ந்து வகுத்த நெறிமுறை, திசுவை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அது ஊற வேண்டும் என்கிறது. ஃபார்மலினும் தாராளமாக இருக்க வேண்டும். திசுவின் பருமனைப்போல் குறைந்தது பத்து மடங்கு.

ஒருமுறை எங்களிடம் வந்த மாதிரி, தன் அளவுக்குச் சரியாக இருந்த ஒரு டப்பாவில், கையளவு ஃபார்மலினுடன், வெட்டப்படாமல் இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தது. கட்டியின் நடுப்பகுதி குழைந்துவிட்டது. ஹார்மோன் ஏற்பி இல்லை என்று முடிவு வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்திலிருந்த நலமான பால்சுரப்பிச் செல்களிலும், இயல்பாகவே இருந்திருக்க வேண்டிய நிறம் இல்லை. அறுவைக்கு முன் எடுத்திருந்த ஊசி பயாப்சியின் பிளாக்கை வரவழைத்துச் செய்தபோது ஏற்பி தெளிவாக இருந்தது. அந்த முதல் முடிவை நம்பியிருந்தால், பல ஆண்டுகள் பயன் தரக்கூடிய மாத்திரை அந்த அம்மாவுக்குக் கிடைக்காமலே போயிருக்கும். விலை உயர்ந்த மரபணுச் சோதனைகளைப் பற்றி அக்கறையோடு கேட்பவர்கள், இந்த டப்பாவைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். ஊசி பயாப்சித் துண்டு மெல்லியது, விரைவில் பதப்படும். ஏற்பிச் சோதனைகளுக்கு அதையே முதலில் பயன்படுத்துவது நல்லது.

கிரேடும் ஸ்டேஜும் ஒன்றா?

இல்லை. ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் குறிக்கிறது. கிரேடு என்பது செல்களின் குணத்தைக் குறிக்கிறது. “கிரேடு 3” என்று பார்த்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்று கலங்கி வருபவர்கள் ஏராளம். முதல் ஸ்டேஜில் இருக்கும் சிறு கட்டியும் கிரேடு 3 ஆக இருக்கலாம்.

கிரேடு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

புளூம், ரிச்சர்ட்சன் முறையை நாட்டிங்ஹாமின் எல்ஸ்டனும் எல்லிஸும் 1991-இல் செம்மைப்படுத்தினார்கள். உலகெங்கும் இன்று கையாளப்படுவது அதுவே. மூன்று கூறுகளுக்கு ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் தருகிறோம். முதலாவது, கட்டியின் செல்கள் இயல்பான மார்பகத்தைப்போல் குழல் வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்பது: கட்டியில் 75 விழுக்காட்டுக்கு மேல் குழல்கள் இருந்தால் 1, பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் 3, இடைப்பட்டால் 2. இரண்டாவது, செல் கருக்கள் அளவிலும் வடிவிலும் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்பது. மூன்றாவது, குறிப்பிட்ட பரப்புக்குள் எத்தனை செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணிக்கை. மூன்றையும் கூட்டினால் 3 முதல் 5 வரை கிரேடு 1. 6, 7 என்றால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3.

இதில் மனிதக் கண்ணின் தீர்ப்பு இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிரேடு 1-ஐயும் 3-ஐயும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வது அரிது. நடுவிலிருக்கும் கிரேடு 2-இல்தான் ஒரே ஸ்லைடைப் பார்க்கும் இருவர் கருத்து வேறுபடுவார்கள். பதப்படுத்துவதில் தாமதமானால் பிரியும் செல்களின் எண்ணிக்கை குறைவாகத் தெரியும், கிரேடும் அதற்கேற்ப இறங்கிவிடும். இத்தனைக்கும் பிறகும், சாயம் ஏற்றிய ஒரு ஸ்லைடும் பயிற்சி பெற்ற கண்ணும் தரும் இந்த எண், நோயின் போக்கைக் கணிப்பதில் இன்றளவும் மிக வலுவான கருவிகளில் ஒன்றாக நிற்கிறது.

கட்டியின் அளவு முக்கியமா, அக்குள் கணுக்கள் முக்கியமா?

இரண்டும் முக்கியம்தான், ஆனால் சம அளவில் அல்ல. இதை விளக்க, நாட்டிங்ஹாம் குழுவினர் 1982-இல் வெளியிட்ட குறியீட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கட்டியின் அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். அதனுடன் கிரேடு எண்ணைக் கூட்ட வேண்டும். கணுக்களில் நோய் இல்லையென்றால் 1, மூன்று கணுக்கள் வரை என்றால் 2, நான்கும் அதற்கு மேலும் என்றால் 3 என்று மேலும் கூட்ட வேண்டும். மொத்தம் 3.4 வரை நல்ல பிரிவு, 5.4 வரை நடுத்தரப் பிரிவு, அதற்கு மேல் கவலைக்குரிய பிரிவு.

2 செ.மீ. அளவு, கிரேடு 2, கணுக்களில் நோயில்லை என்றால் 0.4, 2, 1 சேர்ந்து 3.4. அதே கட்டி 3 செ.மீ. ஆக இருந்திருந்தால் கூடுவது 0.2 மட்டுமே. கிரேடு ஒன்று ஏறினாலோ, ஒரே ஒரு கணுவில் நோய் இருந்தாலோ முழுதாக ஒன்று கூடிவிடுகிறது. கட்டி பெரிதாகிவிட்டதே என்று மட்டும் வருந்துபவர்களிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுவது என் வழக்கம்.

கணுக்களில் இருக்கும் நோயின் பருமனும் கணக்கில் சேரும். 2 மில்லிமீட்டரைத் தாண்டாத படிவை நுண்பரவல் என்கிறோம், 0.2 மில்லிமீட்டருக்குள் அடங்கும் தனிச் செல்களைப் பரவல் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எவ்வளவு நெருக்கமாகச் சீவிப் பார்க்கிறோமோ அவ்வளவு நுண்படிவுகள் அகப்படும் என்பதால் இந்த எல்லைகள் தேவைப்படுகின்றன. இதில் ஒரு வேடிக்கையான விளைவும் உண்டு. இப்படி நெருக்கமாகத் தேடியதில் கணுவில் பரவல் அகப்பட்டவர்கள் முதல் ஸ்டேஜிலிருந்து இரண்டாம் ஸ்டேஜுக்கு மாற்றப்படும்போது, முதல் ஸ்டேஜில் மிஞ்சுபவர்கள் உண்மையிலேயே நோய் குறைந்தவர்கள். இரண்டாம் ஸ்டேஜுக்குப் புதிதாக வந்தவர்களோ அங்கே ஏற்கெனவே இருந்தவர்களைவிட நலமானவர்கள். இரண்டு ஸ்டேஜ்களின் பிழைப்பு விகிதமும் உயர்ந்துவிடும். ஆனால் ஒருவருக்குக்கூட ஆயுள் ஒரு நாளும் கூடியிருக்காது. நுரையீரல் புற்றுநோயில் இந்த விளைவை 1985-இல் ஃபைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். வேறு வேறு காலத்து, வேறு வேறு மருத்துவமனைகளின் எண்களை ஒப்பிடும் எவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெட்டு விளிம்பில் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நோய் முழுதாகப் போய்விட்டதா?

எடுத்த துண்டின் வெளிப்புறத்தில் நாங்கள் பூசும் மையைப் புற்றுச் செல்கள் தொடவில்லை என்பதே அதன் பொருள். அதே மார்பகத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு என்று அது சொல்கிறது. நுரையீரல், எலும்பு போன்ற இடங்களில் நோய் தோன்றுமா என்பதற்கு அது விடையாகாது.

ஈ.ஆர்., பி.ஆர். என்பவை என்ன? அவை பாசிட்டிவ் என்றால் நல்லதா, கெட்டதா?

பாசிட்டிவ் என்ற சொல் மற்றச் சோதனைகளில் பெரும்பாலும் கெட்ட செய்தியாக இருப்பதால் வரும் குழப்பம் இது. இங்கே அது நல்ல செய்தி. ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பையை எடுத்தால் சில மார்பகக் கட்டிகள் சுருங்குகின்றன என்று 1896-லேயே கிளாஸ்கோவின் ஜார்ஜ் பீட்சன் எழுதினார். அது எல்லாருக்கும் ஏன் நடப்பதில்லை என்பதற்கான விடை, அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்தபோதுதான் கிடைத்தது.

கட்டியின் செல்களில் ஒரு விழுக்காடு நிறம் காட்டினாலே இன்றைய நெறிமுறை அதைப் பாசிட்டிவ் என்கிறது. 1 முதல் 10 விழுக்காடு வரை இருந்தால், குறைந்த அளவு பாசிட்டிவ் என்று தனியே குறிப்பிடச் சொல்கிறது, ஏனெனில் அத்தகைய கட்டிகளில் பல, ஏற்பி இல்லாத கட்டிகளைப்போலவே நடந்துகொள்கின்றன.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை விளக்கியாக வேண்டும். ஒரு சோதனை இரண்டு விதமான கேள்விகளுக்கு விடை தரலாம். சிகிச்சை எதுவாக இருந்தாலும் நோய் எப்படிப் போகும் என்பது ஒன்று. இந்தக் குறிப்பிட்ட மருந்து இந்தக் கட்டியில் வேலை செய்யுமா என்பது மற்றொன்று. கிரேடும் கணு எண்ணிக்கையும் முதற்கேள்விக்கு உரியவை. ஈ.ஆர். இரண்டாவது கேள்விக்கு மிக வலுவான விடை தருவது: ஏற்பி உள்ளவர்கள், அந்த ஏற்பியை மறிக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையை ஐந்தாண்டுகள் எடுத்துக்கொண்டால், மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 15 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது; ஏற்பி இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. உங்கள் அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியைப் பற்றியும், இது எந்தக் கேள்விக்கான விடை என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

ஹெர்-2 “2+” என்று வந்திருக்கிறது. மீண்டும் ஒரு சோதனை செய்யச் சொல்கிறார்கள். ஏன்?

ஹெர்-2 என்பது செல்லின் மேலுறையில் இருக்கும் புரதம். சில கட்டிகளில் அதற்கான மரபணு பல படிகளாக (நகல்களாக) பெருகி, புரதமும் அளவுக்கு மீறி உண்டாகிறது. ஐ.எச்.சி.யில் 0, 1+ என்றால் நெகட்டிவ். பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட செல்களில் உறை முழுவதும் அழுத்தமாக நிறம் ஏறியிருந்தால் 3+, அதாவது பாசிட்டிவ். 2+ என்பது முடிவு சொல்ல முடியாத நிலை. அப்போது ஃபிஷ் என்ற சோதனையில், ஒளிரும் சாயங்களைக் கொண்டு செல் கருவுக்குள் இருக்கும் மரபணுப் படிகளை ஒன்று இரண்டு என்று நேரடியாக எண்ணுகிறோம். ஹெர்-2 படிகளின் எண்ணிக்கை, அது இருக்கும் 17-ஆம் குரோமோசோமின் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்து, செல்லுக்குச் சராசரியாக நான்கு படிகளாவது இருந்தால் பாசிட்டிவ். இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறுகிறது.

1987-இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் 189 கட்டிகளை ஆராய்ந்து, ஹெர்-2 பெருகியவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது, ஆயுளும் குறைகிறது என்று காட்டினார்கள். 1998-இல் அதே புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005-இல் வெளியான ஆய்வுகள், தொடக்கநிலை நோயில் அம்மருந்தைக் கீமோவுடன் சேர்த்துத் தந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகிறது என்று நிறுவின. பதினெட்டே ஆண்டுகளில், மோசமான அடையாளமாக இருந்த ஒரு வரி, சிகிச்சைக்கான வாசலாக மாறிவிட்டது. பழைய புத்தகத்திலோ இணையத்திலோ ஹெர்-2 பற்றிப் படித்து அஞ்சுபவர்கள், அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று முதலில் பார்க்கவும். 2022-க்குப் பிறகு 1+ என்ற விடைக்கும், ஃபிஷ்ஷில் நெகட்டிவாகும் 2+ என்ற விடைக்கும்கூட ஒரு பொருள் வந்துவிட்டது: நோய் பரவிய நிலையில், ஹெர்-2 குறைவாக உள்ள கட்டிகளுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகேன் என்ற மருந்து பயன்படுகிறது.

கே.ஐ.-67 எத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஆபத்து?

நேரான ஒரு எல்லையை என்னால் தர இயலாது. ஜெர்மனியின் கீல் நகரில் 1983-இல் கண்டறியப்பட்ட எதிர்ப்பொருளின் பெயர் இது. பிரியும் நிலையிலுள்ள செல்களுக்கு நிறம் ஏற்றுகிறது. விழுக்காடு கூடக் கூடக் கட்டி வேகமாக வளர்கிறது என்பது உண்மை. ஆனால் எந்தப் பகுதியை எண்ணுவது, எத்தனை செல்களை எண்ணுவது, எவ்வளவு மங்கிய நிறத்தைச் சேர்த்துக்கொள்வது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபாடு இருக்கிறது. 5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு என்றாலோ, 30 அல்லது அதற்கும் மேல் என்றாலோ கீமோ பற்றிய முடிவுக்கு அதை நம்பலாம் என்று இதற்கான பன்னாட்டுக் குழு சொல்கிறது. அதுவும் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத, தொடக்கநிலைக் கட்டிகளுக்கு மட்டும். 14-க்கும் 18-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் நம்பிக்கைக்கு இடமில்லையா?

இருக்கிறது. ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாத நோய் முதல் மூன்று ஆண்டுகளில் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதும், அந்த ஆண்டுகள் கடினமானவை என்பதும் உண்மை. ஆனால் ஐந்தாண்டுகளைக் கடந்துவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஏற்பி உள்ள நோயின் போக்கு இதற்கு நேர்மாறு: தொடக்கத்தில் அமைதியாக இருந்து, நீண்டகாலம் கழித்துத் திரும்பக்கூடும். ஐந்தாண்டு மாத்திரைச் சிகிச்சை முடித்து அதுவரை நோயின்றி இருந்த 62,923 பெண்களின் பதிவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியும் நோயில்லாத கணுக்களும் கொண்டிருந்தவர்களிலேயே, ஐந்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையே 13 விழுக்காட்டினருக்கு நோய் வேறு உறுப்பில் தோன்றியது. ஐந்தாண்டு முடிந்தது, இனி மருத்துவமனைப் பக்கம் போக வேண்டாம் என்று ஏற்பி உள்ளவர்கள் நினைத்துவிடக் கூடாது.

மூன்றும் இல்லாத கட்டிகளில் நாங்கள் கூர்ந்து பார்க்கும் மற்றொன்று, கட்டிக்குள் நுழைந்திருக்கும் நிணநீர்ச் செல்கள். உடலின் எதிர்ப்பாற்றல் கட்டியோடு போராடுவதன் அடையாளம் அது; அவை மிகுந்திருப்பவர்களுக்குச் சராசரியில் போக்கு நன்றாக இருக்கிறது. இதற்கும் தனிச் சாயம் வேண்டியதில்லை, வழக்கமான ஸ்லைடே போதும்.

அறுவைக்கு முன்பே கீமோ தந்துவிட்டார்கள். அப்படியானால் அறிக்கையை எப்படிப் படிப்பது?

அப்போது முதன்மையான கேள்வி, கட்டியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே. மார்பகத்திலும் கணுக்களிலும் ஊடுருவிய புற்றுச் செல் ஒன்றும் இல்லையென்றால் அது முழு நோயியல் பலன். மூன்றும் நெகட்டிவாக உள்ளவர்களுக்கும் ஹெர்-2 உள்ளவர்களுக்கும் இதைவிட நல்ல செய்தியை எங்களால் எழுத முடியாது. மிஞ்சியிருந்தால், அதன் பரப்பு, செல்களின் அடர்த்தி, கணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்து, ஆர்.சி.பி. என்ற அளவுகோலில் 0 முதல் 3 வரை வகுக்கிறோம். டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் சிம்மன்ஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட முறை அது. மிஞ்சியவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்பதற்கும் இன்று விடை உண்டு: ஹெர்-2 உள்ளவர்களுக்கு டி-டி.எம்.1 என்ற மருந்துக்கு மாறினால், நோய் திரும்பும் வாய்ப்பு பாதியாகிறது என்று கேத்தரின் ஆய்வு காட்டியது.

மரபணுச் சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். எனக்கு அது தேவையா?

முதலில், இது குடும்பத்தில் வழிவழியாக வரும் மரபணுக் கோளாறைத் தேடும் சோதனை அல்ல. கட்டிக்குள் எந்த மரபணுக்கள் எவ்வளவு வேகமாகச் செயல்படுகின்றன என்று அளப்பது இது. ஆன்கோடைப் டி.எக்ஸ். என்பது 21 மரபணுக்களை அளந்து 0 முதல் 100 வரை ஓர் எண் தருகிறது. இதற்கான பிளாக் அமெரிக்காவுக்கு அனுப்பப்படுகிறது. மம்மாபிரிண்ட் என்பது 2002-இல் நெதர்லாந்தில் உருவானது. 70 மரபணுக்களை அளந்து, குறைந்த ஆபத்து, மிகுந்த ஆபத்து என இரண்டில் ஒன்றைச் சொல்கிறது.

இவற்றின் பயன், ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத தொடக்கநிலை நோயில், கீமோ வேண்டுமா வேண்டாமா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு அவை தந்த விடை மிகப் பெரியது. 2018-இல் வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வில், கணுக்களில் நோயில்லாமல், ஆன்கோடைப் எண் 11 முதல் 25 வரை இருந்த 6,711 பெண்களில் ஒரு பாதியினருக்கு மாத்திரை மட்டும், மறுபாதியினருக்குக் கீமோவும் மாத்திரையும். ஒன்பது ஆண்டுகள் கழித்து நோயின்றி இருந்தவர்கள் முதற்பிரிவில் 83.3 விழுக்காடு, இரண்டாவதில் 84.3. அத்தனை பேருக்கும் முடி கொட்டி, வாந்தி எடுத்துப் பெற்ற கூடுதல் பயன் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆனால் 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் எண் 16 முதல் 25 வரை இருந்தவர்களுக்குக் கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது. ஒன்று முதல் மூன்று கணுக்கள் வரை நோய் இருந்தவர்களிலும், எண் 25 வரை உள்ள மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கீமோ கூடுதலாக உதவவில்லை, மாதவிடாய் நிற்காதவர்களுக்கு உதவியது என்று 2021-இல் வேறோர் ஆய்வு சொன்னது.

என் கருத்து இது: சோதனையின் விடை எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், பல லட்சம் ரூபாய் செலவிட்டு அதைச் செய்ய வேண்டாம். பல கணுக்களில் நோய் இருப்பவர்களுக்கும், மூன்றும் நெகட்டிவாக உள்ளவர்களுக்கும், ஹெர்-2 உள்ளவர்களுக்கும் இதில் பயனில்லை. கடன் வாங்கிச் செய்துவிட்டு வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டா?

உண்டு. நன்றாகச் செய்யப்பட்ட கிரேடு, அளவு, கணு எண்ணிக்கை, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகியவற்றிலிருந்தே பெரும்பகுதி தெரிந்துவிடும். இவற்றைப் பதிவிட்டால் பிழைப்பு வாய்ப்பைக் கணக்கிட்டுத் தரும் பிரிடிக்ட் என்ற கருவி இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது. பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் பிரெஸ்ட் என்ற சோதனை, ஐந்து புரதங்களை ஐ.எச்.சி.யில் பார்த்து, அவற்றுடன் அளவு, கிரேடு, கணு நிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கிறது. வெளிநாட்டுச் சோதனைகளைவிட விலை குறைவு.

ஒரே கட்டிக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. யாரை நம்புவது?

முதலில், இருவரும் பார்த்தது ஒரே திசுவையா என்று கேளுங்கள். ஒரு கட்டியிலேயே ஒரு பகுதி ஒரு விதமாகவும் மற்றொரு பகுதி வேறு விதமாகவும் இருப்பதுண்டு. இரண்டும் ஒரே பிளாக்தான் என்றால், மூன்றாவதாக, மார்பக நோயியலில் பழக்கமுள்ள ஒருவரிடம் ஸ்லைடுகளையும் பிளாக்கையும் காட்டுங்கள். இப்படி மறுபார்வை கேட்பதை நாங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சிக்கலான ஸ்லைடுகளை நாங்களே ஒருவருக்கொருவர் காட்டித்தான் முடிவு செய்கிறோம்.

பத்தாண்டு பிழைப்பு வாய்ப்பு 85 விழுக்காடு என்றார் மருத்துவர். எனக்கு அதற்கு என்ன பொருள்?

உங்களைப்போன்ற அறிக்கை உள்ள 100 பேரைப் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால் 85 பேர் உயிரோடு இருப்பார்கள் என்று பொருள். உங்களுக்குப் பத்தாண்டுதான் என்று பொருளல்ல. பத்தாண்டு எண் வேண்டுமென்றால் பத்தாண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களைத்தான் பார்க்க முடியும். இன்று கிடைக்கும் மருந்துகள் அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. அந்த வகையில் எந்தக் கணிப்பும் சற்றுப் பழையதே.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இந்த எண்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் உள்ள பெண்களிடமிருந்து வந்தவை. நம் ஊரில் இளவயதில் நோய் வருபவர்களின் பங்கு கூடுதல். கட்டி பெரிதான பிறகு வருபவர்களும், பாதியில் சிகிச்சையை விட்டுவிடுபவர்களும் அதிகம். ஒரே கிரேடு, ஒரே ஏற்பி நிலை உள்ள இருவரில், மாத்திரையை ஐந்தாண்டு விடாமல் எடுத்தவருக்கும் ஆறாம் மாதத்தில் நிறுத்தியவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஸ்லைடும் காட்டாது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் புற்றுநோய்ப் பதிவேடு இந்தக் காரணத்தால்தான் அருமையானது: சிகிச்சைக்குப் பின் உங்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தால், தயவுசெய்து விடை சொல்லுங்கள். நம் பெண்களுக்கான கணிப்பு அந்த விடைகளிலிருந்துதான் உருவாக வேண்டும்.

கணினியே ஸ்லைடைப் பார்த்துச் சொல்லிவிடும் காலம் வந்துவிட்டதா?

ஸ்லைடை முழுதாகப் படமாக்கித் திரையில் பார்த்து அறிக்கை எழுதும் கருவிக்கு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. கணுக்களில் நுண்படிவைத் தேடுவது, பிரியும் செல்களை எண்ணுவது போன்ற அலுப்பூட்டும் வேலைகளில் கணினி உண்மையிலேயே நல்ல துணை. நோயின் போக்கை அது தனித்துக் கணிப்பதற்கு, பல ஊர்களில், பல விதமாகச் சாயமேற்றிய ஸ்லைடுகளில் அது தேற வேண்டும். கெட்டுப்போன திசுவிலிருந்து கணினியாலும் எதையும் படிக்க முடியாது.

அறிக்கையுடன் வேறு எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்?

முழு அறிக்கையின் நகலை வாங்குங்கள், சுருக்கக் குறிப்பு மட்டும் போதாது. அதில் கட்டியின் அளவு, வகை, மூன்று மதிப்பெண்களுடன் கிரேடு, எத்தனை கணுக்களில் எத்தனையில் நோய், விளிம்பு நிலை, ஈ.ஆர்., பி.ஆர். விழுக்காடு, ஹெர்-2 மதிப்பெண், ஃபார்மலினில் ஊறிய நேரம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். விடுபட்டவற்றைச் சேர்த்துத் தருமாறு கேட்கலாம். பிளாக் எந்த ஆய்வகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். வேறு ஊருக்கு எடுத்துச் செல்வதானால் வெயிலிலும் வண்டியின் சூட்டிலும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். ஸ்லைடு உடைந்தால் பிளாக்கிலிருந்து மீண்டும் வெட்டிக்கொள்ளலாம். பிளாக் தொலைந்துவிட்டால், பிற்காலத்தில் புதிய மருந்துக்காக ஒரு சோதனை செய்ய நேரும்போது, அந்தக் கட்டியிலிருந்து பார்க்க எங்களிடம் எதுவும் இருக்காது.